மோட்டார் வண்டியின் உட்புறத் தெளிபிளாஸ்டிக்: துடைத்தலும் கீறல் நீக்கலும்

மண்பாதைகளில் நாள் முழுதும் ஓடிய ஜீப் ஒன்று மாலையில் கிழக்கு நோக்கித் திரும்புவதாகக் கொள்வோம். கதிரவன் இப்போது வண்டியின் பின்புறத்தினின்று ஒளி வீசுகிறான். அவ்வொளி ஓட்டுநரின் முன்னுள்ள மீட்டர்களை மூடியிருக்கும் தெளிந்த பிளாஸ்டிக் தகட்டின்மீது சாய்ந்து விழுந்ததும், அதுவரை கண்ணுக்குப் புலப்படாதிருந்த எண்ணற்ற நுண்கீறல்கள் வெண்ணிற வலை போல ஒளிரத் தொடங்குகின்றன. எஞ்சினின் வெப்பத்தைக் காட்டும் முள் எங்கே நிற்கிறது, எண்ணெய் அழுத்தம் குறைந்ததை அறிவிக்கும் சிவப்பு விளக்கு எரிகிறதா இல்லையா என்பன அவ்வலையின் பின்னே மறைந்துவிடுகின்றன. எச்சரிக்கை விளக்கைச் சில நிமிடங்கள் காணாது விட்டால் எஞ்சினே பழுதாகிவிடக்கூடும். ஊரினின்று தொலைவில் பணி செய்வோர்க்கு அது பெருந்துன்பம்.

இக்கீறல்களுள் பெரும்பாலானவை பாதையிலே உண்டானவை அல்ல. வண்டியைத் தூய்மை செய்வதாகக் கருதி நாள்தோறும் உலர்ந்த துணியால் தேய்த்தவரின் கையினாலேயே அவை உண்டாயின. எனவே, கீறலை நீக்கும் முறையைக் கற்பதற்கு முன்னர் அது தோன்றும் விதத்தை அறிதல் இன்றியமையாதது. இக்கட்டுரை அரசாங்க வண்டிகளைப் பயன்படுத்தும் களப்பணியாளர்க்கும், பொருள்களின் தன்மையைக் கற்பிக்கும் ஆசிரியர்க்கும் ஒருங்கே உதவும் வகையில் அமைந்துள்ளது.

1. வண்டியினுள் உள்ள தெளிந்த பிளாஸ்டிக் வகைகள்

வண்டியின் முன்கண்ணாடி உண்மையான கண்ணாடியே. ஆனால் மீட்டர் மூடி, கூரை விளக்கின் மூடி, ஜீப்பின் துணிக்கூரையில் தைக்கப்பட்டுள்ள சாளரம் ஆகியவை பெரும்பாலும் பிளாஸ்டிக்கினால் ஆனவை. இவற்றுள் மூன்று வகைகள் முக்கியமானவை.

முதலாவது அக்ரிலிக். இது ஜெர்மனியில் 1933-ஆம் ஆண்டில் ‘பிளெக்ஸிகிளாஸ்’ என்னும் வணிகப் பெயரைப் பெற்றது. ‘பெர்ஸ்பெக்ஸ்’ என்பதும் இதன் மற்றொரு வணிகப் பெயரே. தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 92 விழுக்காட்டைத் தன்னூடே செல்லவிடும் இயல்புடையது. பிளாஸ்டிக்குகளுள் ஓரளவு கடினமானது. ஆயினும் பலத்த அடி பட்டால் உடைந்துவிடும்.

இரண்டாவது பாலிகார்பனேட். 1953-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஹெர்மன் ஷ்னெல் என்பவரும் அமெரிக்காவில் டேனியல் பாக்ஸ் என்பவரும் இதனைத் தனித்தனியே கண்டறிந்தனர். அடி தாங்குவதில் இது அக்ரிலிக்கைக் காட்டிலும் பன்மடங்கு வலிமை வாய்ந்தது. ஆனால் இதன் மேற்பரப்பு மென்மையானது. எளிதிற் கீறல் ஏற்கும். ஆதலின் பல இடங்களில் இதன்மீது கடினமான மெல்லிய பூச்சு ஒன்று பூசப்படுகிறது.

மூன்றாவது, வளைந்து கொடுக்கும் பி.வி.சி. தாள். துணிக்கூரையின் சாளரமாகத் தைக்கப்படுவது இதுவே. இதனை மென்மையாக்குவதற்கென எண்ணெய் போன்ற பொருளொன்று இதனுள் கலக்கப்பட்டிருக்கும். நாளடைவில் அப்பொருள் வெளியேறுவதால் தாள் விறைத்து மஞ்சளிக்கிறது.

மீட்டர் மூடி எவ்வகையைச் சேர்ந்தது என்பதை அதன் பின்புறத்தில் அல்லது விளிம்பில் வார்க்கப்பட்டிருக்கும் குறியினால் அறியலாம். ‘பி.எம்.எம்.ஏ.’ என்னும் ஆங்கில எழுத்துகள் அக்ரிலிக்கையும், ‘பி.சி.’ என்பன பாலிகார்பனேட்டையும் குறிக்கும். குறி தெரியாவிடில் பொருளைப் பாலிகார்பனேட் எனவே கொண்டு, கூடுதல் எச்சரிக்கையுடன் கையாள்வது நன்று.

2. கீறல் ஏன் வெண்மையாகத் தெரிகிறது?

கீறல் என்பது ஒரு நுண்ணிய பள்ளம். பிளாஸ்டிக்கில் இல்லாத வெண்ணிறம் அப்பள்ளத்திற்கு எங்கிருந்து வந்தது? விடை ஒளியின் இயல்பிலே அடங்கியுள்ளது.

காற்றின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.00, அக்ரிலிக்கினுடையது 1.49, பாலிகார்பனேட்டினுடையது 1.58-க்குச் சற்று மேற்பட்டது. இவ்விரு ஊடகங்களும் சந்திக்கும் பரப்பு வழுவழுப்பாக இருக்குமாயின், ஒளி ஒரே திசையில் ஒழுங்காகச் செல்லும். கீறலின் சரிவுகளோ பல திசைகளை நோக்கியவை. அவற்றின்மீது விழும் ஒளி பல திசைகளிலும் சிதறுகிறது. சிதறிய ஒளியில் ஒரு பகுதி ஓட்டுநரின் கண்ணை அடைய, பள்ளம் வெண்கோடாகக் காட்சியளிக்கிறது. நேர் ஒளியில் மறைந்திருக்கும் கீறல் சாய்ந்த ஒளியில் வெளிப்படுவதன் காரணமும் இதுவே.

அப்பள்ளத்தை நீரால் நிரப்பினால் கீறல் மங்கிவிடும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33. அக்ரிலிக்கும் காற்றும் சந்திக்குமிடத்தில், நேராக விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காடு எதிரொளிக்கப்படுகிறது. அக்ரிலிக்கும் நீரும் சந்திக்குமிடத்திலோ 0.3 விழுக்காடே எதிரொளிக்கப்படும். தேங்காயெண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.45, ஆதலின் அது தடவப்பட்ட கீறல் ஏறக்குறையக் கண்ணுக்கே தெரியாமற் போகிறது.

இவ்வுண்மையை அறிந்தோர் ஏமாற்றத்தினின்று தப்புவர். எண்ணெய்ப் பசையுள்ள சில பளபளப்புத் திரவங்களைத் தடவியவுடன் கீறல் மறைவது, பள்ளம் தற்காலிகமாக நிரம்புவதனாலேயே. எண்ணெய் வற்றியதும் கீறல் மீண்டும் தோன்றும். இடையில் அப்பசையின்மீது புழுதியும் வந்து படியும்.

3. கீறல் உண்டாகும் விதம்

பொருள்களின் கடினத்தன்மையை மோஸ் என்பவர் வகுத்த அளவுமுறையால் குறிப்பது வழக்கம். அம்முறைப்படி வைரம் 10, குவார்ட்ஸ் 7, சாளரக் கண்ணாடி ஏறத்தாழ 5.5. தெளிந்த பிளாஸ்டிக்குகளின் கடினம் 3 அல்லது அதற்கும் குறைவு. மணலின் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் கனிமமே. தார் பாலைவனத்தின் மணலிலும், கோடைக்காலத்தில் வடநாட்டில் வீசும் ‘ஆந்தி’ எனப்படும் புழுதிப் புயலின் துகள்களிலும் அது மிகுந்துள்ளது. ஆகவே, மீட்டர் மூடியின்மீது படிந்துள்ள புழுதி, அம்மூடியைக் காட்டிலும் பன்மடங்கு கடினமான துகள்களின் தொகுதியாகும். அதன்மீது உலர்ந்த துணியை வைத்து அழுத்தித் தேய்ப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்கு ஒப்பாகும்.

உலர்ந்த துணியால் விளையும் தீங்கு இத்துடன் முடிவதில்லை. பிளாஸ்டிக்கை உலர்ந்த துணியால் தேய்க்கும்போது அதன் பரப்பில் நிலைமின்னூட்டம் தோன்றுகிறது. அது காற்றிலுள்ள தூசியைத் தன்பால் ஈர்க்கிறது. துடைக்கத் துடைக்கத் தூசி சேர்வதாக ஓட்டுநர்கள் குறைகூறுவது இக்காரணத்தினாலேயே. மீண்டும் தேய்க்கிறார்கள், கீறல் மேலும் பெருகுகிறது.

4. அழுக்கா, கீறலா, வெடிப்பா?

மூடி மங்கலாக இருப்பதற்குக் காரணம் கீறல் மட்டுமே எனக் கொள்ளலாகாது. மூன்று நிலைகளைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது, படலம். வெயிலில் நிற்கும் வண்டியின் உட்புற வெப்பநிலை 60 பாகை செண்டிகிரேடுக்கு மேலும் உயரக்கூடும். அவ்வெப்பத்தில் இருக்கைகளிலும் டாஷ்போர்டிலும் உள்ள பிளாஸ்டிக்கினின்று ஆவியாகும் பொருள்கள் தெளிந்த பரப்புகளின்மீது எண்ணெய்ப் படலமாகப் படிகின்றன. சோப்பு நீரால் கழுவினால் இது நீங்கும்.

இரண்டாவது, கீறல். ஈரத்துணியை வைத்ததும் மங்கி, உலர்ந்ததும் மீண்டும் தெரிவது கீறலாகும். அதன் ஆழத்தை நகத்தால் அறியலாம். நகத்தின் நுனியைக் குறுக்கே மெல்ல இழுக்கும்போது தடுக்காவிடில் அது மேலோட்டமான கீறல், தடுத்தால் ஆழமானது.

மூன்றாவது, நுண்வெடிப்பு. இது பொருளின் உள்ளே செல்லும் மெல்லிய விரிசல்களின் கூட்டம். வார்க்கப்பட்ட பிளாஸ்டிக்கினுள் எஞ்சியிருக்கும் இறுக்கமும், தகாத இரசாயனத் திரவமும் சேரும்போது இது தோன்றும். விளக்கொளியில் மூடியைப் பல கோணங்களில் நோக்கினால், வெள்ளி இழைகள் போல் பொருளின் உட்புறத்தே மின்னும். இதனை மெருகிட்டு நீக்க இயலாது. மூடியை மாற்றுவதே வழி.

5. தூய்மை செய்யும் முறை

வேண்டுவன: மென்மயிர்த் தூரிகை ஒன்று, தூய நீர், பாத்திரம் விளக்கப் பயன்படும் திரவ சோப்பில் சில துளிகள், துவைத்துப் பழகிய மெல்லிய பருத்தித் துணிகள் அல்லது மைக்ரோபைபர் துணிகள் மூன்று. துணிகளில் பொத்தான், கடினமான தையல் விளிம்பு முதலியன இருத்தலாகாது. தரையிலோ வண்டியின் வெளிப்புறத்திலோ பயன்படுத்திய துணியை இதற்கு எடுக்கவே கூடாது.

(அ) வண்டியை நிழலில் நிறுத்தி, பிளாஸ்டிக் குளிரும்வரை காத்திருத்தல் வேண்டும். சூடான பரப்பில் சோப்பு நீர் உடனே காய்ந்து கறையாகும்.

(ஆ) தூரிகையின் நுனியால், அழுத்தாமல், புழுதியை ஒரே திசையில் தள்ளிவிடவேண்டும்.

(இ) அரை லிட்டர் நீரில் சில துளி சோப்பைக் கலந்து, அதில் முதல் துணியை நனைத்துப் பிழிந்துகொள்ளவேண்டும். நீரை மூடியின்மீது நேராகத் தெளிக்கலாகாது. விளிம்பின் வழியே உள்ளே புகுந்து மின்னிணைப்புகளைக் கெடுக்கும்.

(ஈ) துணியைச் சிறிது நேரம் பரப்பின்மீது வைத்திருந்து, ஒட்டிய புழுதி ஊறிய பின்னர், ஒரு முனையினின்று மறுமுனைக்கு நேராக இழுத்துத் துடைக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் துணியை மடித்துப் புதிய பக்கத்தைப் பயன்படுத்தவேண்டும். முதல் இழுப்பில் துணி ஏற்ற மணல் இரண்டாம் இழுப்பில் கீறலை உண்டாக்கும் என்பதை மறத்தலாகாது.

(உ) தூய நீரில் நனைத்துப் பிழிந்த இரண்டாம் துணியால் சோப்பை நீக்கி, மூன்றாம் துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்கவேண்டும். ஒற்றுதல் போதும், தேய்க்க வேண்டியதில்லை.

பல வண்டிகளில் இவ்வளவு செய்தாலே மங்கல் நீங்கிவிடும். அவற்றில் மேற்கொண்டு மெருகிடுதல் தேவையற்றது.

6. விலக்க வேண்டிய பொருள்கள்

களத்தில் எளிதிற் கிடைப்பவையே பெருந்தீங்கு விளைப்பனவாக உள்ளன. பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் ஆகியவை அக்ரிலிக், பாலிகார்பனேட் இரண்டையும் தாக்கி வெண்மையாக்கும் அல்லது வெடிக்கச் செய்யும். சாராய வகைத் திரவங்கள், கைகளைத் துப்புரவாக்கும் திரவம் உட்பட, அக்ரிலிக்கில் நுண்வெடிப்பை உண்டாக்கக்கூடும். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்புத் திரவம் சாளரக் கண்ணாடிக்கு ஏற்றதாயினும் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் பி.வி.சி. தாளினுள் உள்ள மென்மையூட்டும் பொருளை இழுத்தெடுத்து அதனை விறைக்கச் செய்யும். பாத்திரம் தேய்க்கும் நார், சாம்பல், பற்பொடி ஆகியவற்றின் தீமையைக் கூறவேண்டுவதில்லை.

7. கீறல் நீக்கும் முறை

கீறலை நீக்குதல் என்பது பள்ளத்தை நிரப்புதல் அன்று. பள்ளத்தின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள பரப்பைத் தாழ்த்துதலே ஆகும். 20 மைக்ரான், அஃதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதிலொரு பங்கு, ஆழமுள்ள கீறலை நீக்கவேண்டுமாயின், அவ்வளவு பொருளைச் சுற்றிலுமிருந்து தேய்த்தெடுக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் கனமுள்ள மூடியில் அது நூற்றிலொரு பங்கே. எனவே வலிமை குறைவதில்லை. ஆனால் கீறல் உள்ள இடத்தை மட்டும் தோண்டினால் அங்கே ஒரு குழி உண்டாகி, அது வில்லையைப் போன்று செயற்பட்டு எண்களை வளைத்துக் காட்டும். ஆதலின் அகன்ற பரப்பில் சமமாகத் தேய்த்தல் வேண்டும்.

தேய்க்கும் துகளும் கீறலையே உண்டாக்குகிறது. அதன் கீறல் முந்தியதைவிடச் சிறியது, அவ்வளவே. அடுத்த படியில் அதனினும் சிறிய துகளைக் கொண்டு அச்சிறு கீறலை அழிக்கிறோம். எஞ்சும் பள்ளங்கள் ஒளியலையின் நீளமாகிய 0.4 முதல் 0.7 மைக்ரானைவிடச் சிறியனவாகும்போது ஒளி சிதறுவது ஏறத்தாழ நின்று, பரப்பு தெளிவடைகிறது.

மேலோட்டமான கீறல்: பிளாஸ்டிக்குக்கென விற்கப்படும் மெருகுப் பசையைச் சிறிதளவு மென்துணியில் எடுத்து, ஓர் உள்ளங்கை அளவுள்ள பரப்பில், இலேசான அழுத்தத்துடன் ஓரிரு நிமிடங்கள் தேய்க்கவேண்டும். பின்னர்த் துடைத்து, சாய்ந்த ஒளியில் நோக்கி, தேவையாயின் மீண்டும் செய்யவேண்டும். மெருகுப் பசை கிடைக்காத இடத்தில் வெண்ணிறப் பற்பசையைச் சிலர் பயன்படுத்துகின்றனர். அதிலுள்ள கால்சியம் கார்பனேட்டு அல்லது சிலிக்காத் துகள்களே இங்குப் பணி செய்கின்றன. அத்துகள்களின் அளவு இப்பணிக்கென வகுக்கப்பட்டதன்று. ஆகையால் மறைவான ஒரு மூலையில் சோதித்த பின்னரே பயன்படுத்தலாம்.

நகத்தைத் தடுக்கும் கீறல்: இதற்கு நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள் வேண்டும். வண்டிகளுக்கு வண்ணம் பூசுவோர் இதனை ‘வாட்டர் பேப்பர்’ என்பர். இதன் எண் உயர உயரத் துகள் சிறியதாகும். ஐரோப்பிய அளவுமுறைப்படி 1000 எண்ணுள்ள தாளின் துகள் சராசரியாக 18 மைக்ரான். 2000 எண்ணுள்ளது 10 மைக்ரான். பணியை 2000-இல் தொடங்குக; பயன் தராவிடில் மட்டும் 1500-க்கோ 1000-க்கோ இறங்குக. இறங்கியவர் ஒவ்வொரு படியாக மீண்டும் ஏறி, 3000 வரை சென்று, இறுதியில் மெருகுப் பசையால் முடித்தல் வேண்டும். ஒவ்வொரு படியிலும் முந்திய படிக்குச் செங்குத்தான திசையில் தேய்த்தால், பழைய கோடுகள் யாவும் மறைந்தனவா என்பது எளிதிற் புலப்படும். அவை மறையுமுன் அடுத்த தாளை எடுத்தலாகாது. தாள் மாறும்போதெல்லாம் பரப்பையும் கையையும் கழுவவேண்டும். தங்கிவிட்ட ஒரு பெருந்துகள் முழு உழைப்பையும் வீணாக்கிவிடும்.

மீட்டரினின்று மூடியைக் கழற்றாமல் இவ்வீரப்பணியைச் செய்தல் தகாது. கழற்றும் பணி தேர்ந்த மெக்கானிக்குடையது. மீட்டரின் முட்கள் மென்மையானவை, சிறிது தொட்டாலும் வளையும். திசைமாற்றுச் சக்கரத்தில் காற்றுப்பை பொருத்தப்பட்ட வண்டிகளில் பயிற்சியற்றோர் அப்பகுதியைத் தொடவே கூடாது.

மின்விசையாற் சுழலும் மெருகுக் கருவியையும் தவிர்ப்பது நன்று. பிளாஸ்டிக் வெப்பத்தை எளிதிற் கடத்தாது. கண்ணாடியைக் காட்டிலும் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கே கடத்தும். உராய்வினால் தோன்றும் வெப்பம் ஓரிடத்திலேயே தங்குகிறது. அக்ரிலிக் 100 பாகையை ஒட்டி மென்மையாகத் தொடங்குவதால், சில நொடிகளிலேயே பரப்பு இழுபட்டுக் கெட்டுவிடும்.

8. மெருகிடலாகாத பரப்புகள்

கடினப் பூச்சுள்ள பாலிகார்பனேட்டை மெருகிட்டால் பூச்சு அங்கங்கே தேய்ந்து, திட்டுத் திட்டாகத் தோன்றும். இக்கால வண்டிகளிலுள்ள தொடுதிரைகளிலும், ஒளி எதிரொளிப்பதைக் குறைக்கும் பூச்சுள்ள மூடிகளிலும் இவ்விதியே பொருந்தும். இவற்றை ஈரத்துணியால் ஒற்றித் துடைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஜீப்பின் பி.வி.சி. சாளரத்தை உப்புத்தாளால் தேய்க்கலாகாது. அதனைக் கழுவி உலர்த்தி, மடிக்காமல், இடையே மென்துணி வைத்துச் சுருட்டவேண்டும். புழுதியோடு சுருட்டப்பட்ட சாளரம் ஒரே பயணத்தில் ஒளி மங்கிவிடும்.

9. வகுப்பறைக்குரிய சோதனைகள்

கீறல் விழுந்த பழைய தெளிந்த அளவுகோல் ஒன்றே போதும்.

முதற் சோதனை: அளவுகோலைச் சாளர ஒளியில் சாய்த்துப் பிடித்து, கீறல்களை மாணவர் காணச் செய்க. ஓரிடத்தில் ஒரு துளி நீரும், மற்றோரிடத்தில் ஒரு துளி தேங்காயெண்ணெயும் இடுக. எங்கே கீறல் மிகுதியாக மறைகிறது? ஏன்? ஒளிவிலகல் எண்களைக் கரும்பலகையில் எழுதி மாணவரையே விடை கூறச் செய்யலாம்.

இரண்டாம் சோதனை: காற்று உலர்ந்த நாளொன்றில், அளவுகோலை உலர்ந்த துணியால் தேய்த்துச் சிறு காகிதத் துண்டுகளின் அருகே கொண்டு செல்க; அவை தாவி ஒட்டும். பின்னர் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மீண்டும் அவ்வாறே செய்க, ஈர்ப்பு நின்றுவிடும். மீட்டர் மூடியை ஈரத்துணியாற் துடைக்கவேண்டும் என்பதன் காரணம் இதனால் விளங்கும்.

மூன்றாம் சோதனை: அளவுகோலை நான்கு பகுதிகளாகக் குறித்துக்கொள்க. முதற் பகுதியை விட்டுவிட்டு, ஏனைய மூன்றையும் 1000 எண் தாளால் நீரிட்டுத் தேய்க்க. அவற்றுள் கடைசி இரண்டை 2000 எண் தாளாலும், இறுதிப் பகுதியை மட்டும் அதன் பின் மெருகுப் பசையாலும் தேய்க்க. அளவுகோலை அச்சிட்ட எழுத்தின் மேல் ஒரு விரற்கடை உயர்த்திப் பிடித்து, எப்பகுதியின் வழியே படிக்க முடிகிறது என ஒப்பிடுக. துகளின் அளவுக்கும் தெளிவுக்கும் உள்ள தொடர்பை இதைக்காட்டிலும் தெளிவாக விளக்கும் சோதனை அரிது.

10. நினைவிற் கொள்ளவேண்டியவை

மெருகிடுந்தோறும் மூடியின் பொருளிற் சிறிது குறைகிறது; பூச்சு இருப்பின் அதுவும் அழிகிறது. எனவே மிகக் குறைந்த சிகிச்சையையே முதலில் மேற்கொள்ளவேண்டும்: முதலில் நீர், பின்னர்ச் சோப்பு, அதன் பின்னரே மெருகுப் பசை, வேறு வழியில்லாதபோது மட்டும் உப்புத்தாள். எண்களையும் எச்சரிக்கை விளக்குகளையும் எவ்வொளியிலும் தடையின்றிக் காண முடிந்தால் பணி நிறைவுற்றது எனக் கொள்க. எஞ்சியுள்ள ஓரிரு கோடுகளைத் தேடிச் சென்று தேய்க்க வேண்டியதில்லை.

ஒவ்வொரு வண்டியிலும் மென்மயிர்த் தூரிகை ஒன்றையும், மூடிய உறையிற் சுத்தமான துணிகள் மூன்றையும் இம்மூடிக்கென்றே ஒதுக்கி வைத்தல் எளிது. அதற்கு ஆகும் செலவும் சிறிது. அத்துணியை வேறெதற்கும் எடுக்காதிருக்கும் பழக்கமே கடினமானது. அப்பழக்கம் படிந்த வண்டியில், மாலை வெயில் பின்னின்று வீசும் வேளையிலும், சிவப்பு விளக்கு எரிந்த கணமே ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியும்.